சாயமும் வெண்தூளும்: சூரியகல வரலாற்றில் இலங்கைப் பக்கமொன்று

களுபோவிலையின் ஒழுங்கைகளில் இன்று நடப்பவர், மாடி வீடுகள் பலவற்றின் கூரைகளிற் கருநீலப் பலகைகள் வரிசையாகப் படிந்திருக்கக் காண்பர். அவை சிலிக்கன் சூரியகலங்களாலானவை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, கூரைகளின் மீது வெயில் குறைவின்றிக் காய்ந்தது. ஆயினும், பொது மின்வலையமைப்போடு இணைக்கப்பட்டு, மின்னைச் சேமித்து வைக்கும் கலவடுக்கு எதுவுமின்றியிருந்த பலகைகள், வலையமைப்பு ஓய்ந்தவுடன் தாமும் ஓய்ந்தன. கம்பிகளிற் பழுது பார்ப்போரின் உயிர்ப் பாதுகாப்புக் கருதி அவை அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளன. வெயில் உள்ளூரில் விளைவது. அதனை மின்னாக்கும் பலகையோ கப்பலில் வந்திறங்குவது. அப்பலகைக்கு மாற்றாக, இந்நாட்டின் எளிய ஆய்வுகூடமொன்றிலேயே ஆக்கத்தக்க கலமொன்று உண்டா என்னும் வினாவை எழுப்பி, அதற்கு விடைதேடிய முயற்சியின் வரலாறு இலங்கைக்கு உண்டு. விஞ்ஞான பீடத்தார் அறிந்திருக்கக்கூடிய அவ்வரலாறு கலைப்பீடத்தார் அறியாததாகவே இருந்து வருகின்றது.

சிலிக்கன் கலம் 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருப்பெற்றது. அதிற் சிலிக்கன் என்னும் ஒரே பொருளே இரு தொழிலையும் செய்கின்றது. ஒளியை விழுங்குவதும் அதுவே. ஒளி கிளப்பிவிட்ட இலத்திரனைக் கடத்துவதும் அதுவே. இரு தொழிலையும் ஒருங்கே செய்ய வேண்டியிருப்பதனால் அப்பொருள் மாசு மறுவற்றதாய் இருத்தல் வேண்டும். அத்தகைய தூய்மைக்குப் பெரும் உலைகளும் பெருமுதலும் தேவை. சாயக்கலம் எனப்படும் மற்றை வகையில் அவ்விரு தொழில்களும் பிரிக்கப்பட்டுள்ளன. ஒளியை விழுங்குவது சாயம்; இலத்திரனை ஏற்றுக் கடத்துவது உலோக ஒட்சைட்டு. இலையிற் பச்சையம் ஒளியை ஏற்க, இலத்திரன் பிறிதொரு மூலக்கூற்றுக்குக் கைமாறுவதை ஒத்த ஏற்பாடு இது.

இவ்வேற்பாட்டின் மூலத்தைத் தேடிச் செல்பவர் மின்னியலிற் சென்றடையார். ஒளிப்படக் கலையையே சென்றடைவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகளிற் பூசப்பட்ட வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. செம்மலர் கருமையாகவும் நீல வானம் வெறும் வெண்மையாகவும் பதிந்தன. 1873இற் பேர்லின் நகரில் ஹேர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்பார், தம் கைக்கு வந்த தகடுகள் சில பச்சை ஒளியையும் உணர்வதைக் கண்டு வியப்புற்றார். தகட்டைச் செய்தவர் வேறொரு நோக்கத்திற்காகச் சேர்த்திருந்த சாயமே அதற்குக் காரணமென அவர் துணிந்தார். சாயம் எந்நிறத்தை விழுங்குகின்றதோ அந்நிறத்தை வெள்ளி உப்பும் உணரத் தொடங்குகின்றது என்பது அவர் கண்ட விதி. பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1887இல், வியன்னாவில் ஜேம்ஸ் மோசர் இதே விளைவை மின்வாயிலும் கண்டார். வெள்ளி உப்புப் படிந்த மின்வாயை எரித்திரோசின் என்னும் செஞ்சாயத்தில் தோய்த்தபோது ஒளியால் எழுந்த மின்னோட்டம் மிகுந்தது.

சாயம் வெள்ளி உப்புக்குக் கொடுப்பது யாது? ஆற்றலை மட்டுமா, இலத்திரனையேயா? இவ்வினா இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒளிப்பட ஆய்வாளரிடையே ஓயாத விவாதமாய் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் ஹைன்ஸ் கெரிஷரும் அவருடைய மாணவரான ஹெல்முட் திரிபுட்சும் நாகவொட்சைட்டுப் பளிங்கின் மீது சாயத்தைப் படியச் செய்து மின்னோட்டத்தை அளந்தனர். எந்நிறங்களைச் சாயம் விழுங்கியதோ அந்நிறங்களிலேயே மின்னோட்டம் எழுந்தது. ஒளியுண்ட சாயமூலக்கூறு தன் இலத்திரனை ஒட்சைட்டின் கடத்தற் பட்டையிற் செலுத்திவிடுகின்றது என்னும் கொள்கை இவ்வளவீடுகளால் வலுப்பெற்றது. திரிபுட்சு பச்சையத்தைக் கொண்டும் இச்சோதனையை நிகழ்த்தியமை குறிப்பிடத்தக்கது.

கொள்கை தெளிவாயினும் பயன் அற்பமாகவே இருந்தது. சமதளமான பளிங்கின் மீது ஒற்றை மூலக்கூற்றுத் தடிப்பிற் படிந்த சாயம், தன்மீது விழும் ஒளியில் நூற்றிலொரு பங்கைத்தானும் விழுங்குவதில்லை. சாயத்தைத் தடிப்பாகப் பூசினாலோ, ஒட்சைட்டைத் தொடாத மேற்படைகளின் இலத்திரன்கள் கீழே இறங்கமாட்டா. ஆகவே பளபளப்பான பளிங்கைக் கைவிட்டு, நுண்டுளைகள் நிறைந்த ஒட்சைட்டை நாடுவதே வழியாயிற்று. 1976இல் யப்பானில் சுபோமுராவும் அவருடைய குழுவினரும் துளைகொண்ட நாகவொட்சைட்டு வட்டில் ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தை ஏற்றி, அயடைட்டுக் கரைசலிலிட்டுப் பெற்ற பேறு இவ்வழியின் முதற் பெரும் படியாகும். ஒற்றை நிற ஒளியில் அக்கலத்தின் திறன் 1.5 சதவீதமளவிலிருந்தது.

இவ்வழியை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் சுவிற்சலாந்தின் லோசான் நகரத்துக் கூட்டாட்சித் தொழினுட்ப நிறுவனத்தின் மைக்கேல் கிரெற்சல் ஆவார். 1991 ஒக்ரோபரில் அவரும் பிரையன் ஓ ரீகனும் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட ஒட்சைட்டு தைத்தேனியம் ஈரொட்சைட்டு. சுவர்ப்பூச்சிலும் பற்பசையிலும் வெண்மை தரும் அதே தூள். அத்தூளின் மீநுண் துணிக்கைகளைக் கண்ணாடி மீது பூசிச் சுட்டு, 10 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள படலமாக்கினர். அப்படலத்தின் உட்பரப்பு, அது மூடிய கண்ணாடிப் பரப்பிலும் பன்னூறு மடங்காயிற்று. அத்துணைப் பரப்பிலும் ஒற்றை மூலக்கூற்றுத் தடிப்பிலேயே உருதேனியச் சாயம் படிந்தமையால், முன்பு நூற்றிலொரு பங்காயிருந்த ஒளியுண்ணல் இப்பொழுது நிறைவை அண்மிற்று. திறன் 7 சதவீதத்தைத் தாண்டியது.

இக்கலத்தின் உள்ளே நிகழ்வதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெண்மையானது. அஃதாவது கட்புலனாகும் ஒளியை அது விழுங்காது. அனற்றேசு வடிவிலுள்ள அதன் பட்டை இடைவெளி 3.2 இலத்திரன் வோற்று ஆகையால், ஏறத்தாழ 390 நனோமீற்றரிலும் குறுகிய அலைநீளமுள்ள ஊதாக்கடந்த கதிர் மட்டுமே அதனைத் தூண்டும். சூரியவொளியில் அத்தகைய கதிர் மிகச் சிறு பங்கு. எஞ்சிய பெரும் பங்கைச் சாயம் ஏற்கின்றது. ஒளியுண்ட சாயமூலக்கூறு தன் இலத்திரனை ஒட்சைட்டிற்குக் கையளிக்க எடுக்கும் நேரம், பல சாயங்களில், ஒரு செக்கனின் இலட்சங் கோடியிலொரு பங்கிலும் குறைவு. இலத்திரனை இழந்து குறையுற்று நிற்கும் சாயத்திற்குக் கரைசலிலுள்ள அயடைட்டு வேறோர் இலத்திரனை ஈந்து நிறைவாக்குகின்றது. ஒட்சைட்டினுட் புகுந்த இலத்திரனோ வெளிச்சுற்றின் வழியே விளக்கை எரித்து, எதிர்மின்வாயை அடைந்து, அயடைட்டு இழந்ததை மீட்டுக் கொடுக்கின்றது. இச்சுழற்சியில் எப்பொருளும் செலவாவதில்லை. கொடுத்த இலத்திரனைச் சாயமே திரும்பப் பற்றிக்கொண்டால் யாவும் வீணாகும். ஆனால் அத்திரும்பல் மெதுவாகவும் அயடைட்டின் ஈகை விரைவாகவும் நிகழ்கின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேக வேறுபாட்டிலேதான் கலம் முழுவதும் நிலைபெறுகின்றது.

கிரெற்சலின் குழுவிலே தமிழர் ஒருவரும் இருந்தார் என்பது இவ்விதழின் வாசகர்க்கு உவப்பளிக்கும் செய்தியாகும். தமிழகத்தவரான கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1979 முதல் லோசானில் ஒளிவேதியியல் ஆய்வில் ஈடுபட்டவர். உருதேனியம் முதலிய உலோகங்களின் சிக்கற் சேர்வைகளைப் பற்றிய அவருடைய நூல் 1992இல் வெளிவந்தது. சாயக்கலங்களைப் பற்றிய பெருந்தொகுப்பொன்றை 2010இற் பதிப்பித்தார். தமிழுலகம் அவரை வேறொரு பணியாலேயே அறியும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மூலவர் அவரே. சங்க நூல்கள் தொடங்கிப் பிற்காலச் சிற்றிலக்கியம் வரை தமிழ் நூல்களைக் கணினியில் இலவசமாகப் படிக்கச் செய்த அத்திட்டம், சாயக்கலம் ஆயும் ஆய்வாளர் ஒருவரின் ஓய்வு நேரத்தில் முளைத்தது. தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் அதனை நாள்தோறும் கையாள்கின்றனர். அதன் பின்னணியிலிருந்த வேதியியலை நினைப்பவர் அரியர்.

இனி இலங்கைக்கு வருதல் வேண்டும். கிரெற்சலின் கட்டுரைக்கு ஏழாண்டுகள் முன்பே, 1984இல், செம்புத் தயோசயனேற்று மின்வாயைச் சாயமூட்டுவது பற்றிய கட்டுரையொன்று அமெரிக்க மின்வேதியியற் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதன் முதலாசிரியர் கீர்த்தி தென்னக்கோன். ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இவர், துணிக்கைப் பௌதிகவியற் கொள்கையாளராகத் தொடங்கியவர். நியூத்திரினோவுக்குத் திணிவு இருக்கலாம் என்பது பற்றி 1970களின் தொடக்கத்திலேயே சந்தீப் பக்வாசாவோடு இணைந்து எழுதியவர். கரும்பலகையில் இயங்கிய கொள்கையாளர் மாத்தறை ருகுணைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து, கையிற் கிடைத்த இரசாயனப் பொருள்களோடு சோதனைக்கு இறங்கினார். பெருந்துகள் முடுக்கி வாய்க்காத நாட்டில் பௌதிகவியலாளன் செய்யத்தக்கது எது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். சாயமும் உப்பும் கண்ணாடியும் வெயிலும் மாத்தறையிற் கிடைத்தன.

அக்காலம் ஆய்வுக்கு உகந்த காலமன்று. 1983 யூலைக்குப் பின் நாடு போரில் இறங்கியது. 1987 முதல் தெற்கிலும் கிளர்ச்சி மூண்டு, பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடிக்கிடந்தன. 1981இற் சட்டமொன்றின் மூலம் நிறுவப்பெற்ற அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இவ்விடருக்கிடையே ஆய்வாளர்க்கு ஒதுங்கிடமாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் பெற்று, உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வாற் புகழெய்திய சிறில் பொன்னம்பெரும அதன் பணிப்பாளராய் விளங்கினார். கண்டியின் அந்தானை மலைச்சாரலில் அமைந்த அந்நிறுவகத்திலேதான் தென்னக்கோனின் சாயக்கல ஆய்வு கனிந்தது.

அவர் கைக்கொண்ட வினா ஒன்றே. லோசான் கலத்தின் குறை அதன் கரைசல். திரவம் கசியும், ஆவியாகும், வெயிலிற் சூடேறும் கலத்தில் ஆண்டுக்கணக்கில் அதனை அடைத்துவைத்தல் அரிது. திரவத்தை அகற்றி, அதனிடத்தே திண்மப் பொருளை வைக்க இயலாதா? சாயத்திற்கு இலத்திரனை ஈயும் திண்மம், அஃதாவது துளைகளைக் கடத்தும் குறைகடத்தி, வேண்டும். அது ஒளியைத் தடுக்காதிருத்தல் வேண்டும். ஒட்சைட்டின் நுண்டுளைகளுள் இறங்கிப் படிதலும் வேண்டும். படியும்போது சாயத்தைச் சிதைத்தலும் ஆகாது. உயர்வெப்பத்தில் உருக்கி ஊற்றினாற் சாயம் கருகும். ஆகவே கரைசலாக ஊற்றி உலர்த்தத்தக்க பொருள்களே எஞ்சின. செம்பு அயடைட்டு அவற்றுள் ஒன்று.

1995இல் தென்னக்கோன், குமார, குமாரசிங்க, விஜயந்த, சிரிமான்ன ஆகிய ஐவரும் வெளியிட்ட கட்டுரை முற்றிலும் திண்மமான நுண்டுளைச் சாயக்கலத்தை விவரித்தது. ஒருபுறம் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. மறுபுறம் செம்பு அயடைட்டு. இடையில் ஒற்றை மூலக்கூற்றுப் படையாகச் சயனிடின். சயனிடின் என்பது மலர்களிற் செம்மையூட்டும் நிறப்பொருள். முற்றத்துச் செவ்வரத்தையின் செம்மைக்கும் அக்குடும்பத்து நிறப்பொருளே காரணம். உருதேனியமோ பிளாற்றினத்தின் இனத்தைச் சேர்ந்த அருவிலை உலோகம். அதனை நாடாது மலர்ச்சாயத்தைக் கொண்டு கருத்தை நிறுவியமை அவ்வாய்வின் தனிச் சிறப்பு எனலாம். நேர்வெயிலிற் கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 375 மில்லிவோற்று. மின்னோட்டம் சதுர சென்ரிமீற்றருக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லியம்பியர். இவ்விரண்டையும் பெருக்கி, வீழ்ந்த வெயிலின் வலுவோடு ஒப்பிடுவோர் திறன் ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை என்பதை எளிதிற் காண்பர். நாட்டின் மின்தேவையை அது தீர்க்கும் எனக் கூறியவர் எவருமிலர். எனினும், சொட்டுத் திரவமுமின்றிச் சாயக்கலம் இயங்கும் என்பது அங்கே கண்கூடாயிற்று. திண்மச் சாயக்கலம் என்றவுடன் பலரும் சுட்டுவது 1998இல் 'நேச்சர்' இதழில் லோசான் குழுவினர் கரிமத் துளைகடத்தியைக் கொண்டு வெளியிட்ட ஆய்வையே. அதற்கு மூன்றாண்டு முற்பட்ட அந்தானைக் கலத்தை நினைவுகூர்வோர் குறைவாயிருப்பதற்கு, எவ்விதழில் வெளிவந்தது என்பதன்றி வேறு காரணம் காண்டல் அரிது.

செம்பு அயடைட்டும் இடர் தராமலில்லை. உலரும்போது அது பெரும் பளிங்குகளாக உறைந்தது. பெரும் பளிங்கு நுண்டுளையுட் புகாது. நாள் செல்லச்செல்லக் கலம் நலிவுற்றது. 2002இற் குமாரவும் தென்னக்கோனும் யப்பானின் சிசுவோக்காப் பல்கலைக்கழகத்துக் கொன்னோ முதலியோரும் இணைந்து, பளிங்கு வளர்ச்சியைத் தடுக்கும் தயோசயனேற்று உப்பொன்றைச் சிறிதளவு கலந்து இவ்விடரைப் பெரிதும் தணித்தனர். தைத்தேனியத்தை விடுத்து வெள்ளீய ஒட்சைட்டையும் நாகவொட்சைட்டையும் கலந்து ஆக்கிய திரவக் கலமும் அந்தானையிற் பிறந்ததே. 1999இல் வெளியான அவ்வாய்வு சுமார் 8 சதவீதத் திறனை அறிவித்தது. தனித்தனியே குறைந்த பயனையே தரும் அவ்விரு ஒட்சைட்டுகளும் கலந்தவிடத்துத் தைத்தேனியத்திற்கு ஈடுகொடுத்தமை அன்று வியப்பாகக் கருதப்பட்டது.

வெண்தூளைப் பற்றிய கசப்பான உண்மையொன்றையும் ஈண்டுக் கூறாதிருத்தல் முறையன்று. தைத்தேனியத்தின் மூலமணல் இலங்கைக் கரையிலேயே குவிந்து கிடக்கின்றது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கருமணல் இல்மனைற்று, உரூற்றைல் ஆகிய கனிமங்களாற் செறிந்தது. 1957இற் கூட்டுத்தாபனம் நிறுவி அரசே அதனை அகழ்ந்து வந்தது. ஆனால் மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிற்று. அதனின்று வெண்தூளைப் பிரிக்கும் பெருந்தொழில் இங்கு வளரவில்லை. மூலமணல் உள்ள நாட்டின் ஆய்வுகூடத்திற்கு அதன் வெண்தூள் வெளிநாட்டுப் போத்தலில் வந்து சேர்ந்தது.

வடபுலத்தின் நிலை இன்னும் இருண்டது. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாடு பொது மின்வலையமைப்பிலிருந்து பல ஆண்டுகள் துண்டுண்டு கிடந்தது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, மின்கலங்களுக்குத் தடை. ஜாம் போத்தலுக்குட் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு ஆக்கிய விளக்கின் முன்னே க.பொ.த. உயர்தர மாணவர் படித்தனர். கிரெற்சலின் கட்டுரை வெளிவந்த 1991ஆம் ஆண்டு அவ்விளக்கின் ஆண்டுகளுள் ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியற்றுறையினரான புண்ணியமூர்த்தி ரவிராஜன், இலண்டன் இம்பீரியற் கல்லூரியில் ஜெனி நெல்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து கலாநிதியானார். அவர் எடுத்துக்கொண்ட கலத்தில் உலோக ஒட்சைட்டு இருந்தது. ஒளியுண்ணலையும் துளைகடத்தலையும் கடத்தும் பல்பகுதியமே ஏற்றது. 2006இல் அவரும் நெல்சன், கிரெற்சல் முதலியோரும் வெளியிட்ட கட்டுரையில், நிமிர்ந்து நிற்கும் நாகவொட்சைட்டு நுண்கோல்களுக்கும் பல்பகுதியத்திற்கும் இடையே உருதேனியச் சாயம் மெல்லிய இடைப்படையாய் அமைந்தது. அவர் யாழ்ப்பாணம் மீண்டு அங்கேயே இவ்வாய்வை வளர்த்தார். நோர்வேயின் பேர்கன் நகரத்துத் தமிழ் விஞ்ஞானி தயாளன் வேலாயுதபிள்ளையின் கூட்டுறவும் அதற்குக் கிடைத்தது.

சாயக்கலம் இன்றுவரை கூரைகளை வெல்லவில்லை. சிலிக்கனின் விலை எதிர்பாராத வேகத்தில் வீழ்ந்தமை அதற்குத் தலையாய காரணம். மங்கிய வீட்டொளியில் இயங்கும் சிறு கருவிகளே இப்போது அதற்கு ஏற்ற களமாயுள்ளன. ஆனால் அதன் வழித்தோன்றல் ஒன்று உலகை ஈர்த்தது. 2009இல் யப்பானின் மியசாக்காவும் அவருடைய மாணவரும் சாயமிருந்த இடத்திற் பெரோவ்சுகைற்று என்னும் பளிங்குச் சேர்வையை வைத்து 3.8 சதவீதம் பெற்றனர். அங்கும் திரவமே கேடு விளைத்தது; கலம் நெடுநேரம் நிற்கவில்லை. 2012இல் திரவத்தை அகற்றித் திண்மத் துளைகடத்தியை வைத்தவுடன் திறனும் ஆயுளும் ஒருங்கே உயர்ந்தன. அந்தானையிற் கேட்கப்பட்ட பழைய வினாவே மீண்டும் கேட்கப்பட்டு, இம்முறை உலகின் பேராய்வுகூடங்களில் விடை பெற்றது. கரிமத் துளைகடத்தி பொன்னினும் அருவிலையாயிருக்கவே, மலிவான மாற்றைத் தேடியோர் பழைய ஏடுகளைப் புரட்டினர். 2014இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திற் பிரசாந்த் காமத்தின் குழுவினர் பெரோவ்சுகைற்றுக் கலத்திற் செம்பு அயடைட்டைப் பயன்படுத்தி 6 சதவீதம் பெற்றனர். 2017இல் லோசானிலிருந்து வெளிவந்த ஆய்வு 20 சதவீதத்தைத் தாண்டிய நிலைபேறுடைய கலத்தை அறிவித்தது. அக்கலத்தில் துளைகளைக் கடத்திய பொருள், 1984இற் சாயமூட்டப்பட்ட அதே செம்புத் தயோசயனேற்று.